நாலு மணி மெழுகுதிரி

லண்டனில் எங்கள் கத்தோலிக்கக் கோயிலின் பங்கு மடலுக்கு நான்கு வரியில் ஒரு நன்றியறிவிப்பு எழுதித் தந்தார்கள். மத்தியதரைக் கடலின் தீவொன்றில், மாதாவின் பாதத்தில், சனிக்கிழமை நாலு மணிக்கு ஏற்றப்பட்ட மெழுகுதிரியால் நம் பங்கைச் சேர்ந்த ஒருவர் கேட்ட வரம் கிடைத்தது என்பது அதன் சாரம். அம்மடலுக்கு மெய்ப்புப் பார்ப்பவன் நான். மெழுகுதிரியைக் கொண்டுபோனவனும் நான். அந்த நான்கு வரிகளில் எழுத்துப்பிழை ஒன்றுமில்லை; மற்றெல்லாம் பிழை.

ஆகவே இங்கே சரிபார்த்த விவரங்களை மட்டும் தருகிறேன். நான் கண்டது, கேட்டது, என் கைக்கடிகாரம் காட்டியது ஆகிய மூன்றுக்கும் அப்பால் எதுவும் இதில் இராது. இக்கட்டுப்பாடு அடக்கத்தால் வந்ததன்று. அந்த ஐந்து நாள் பயணத்தில் சரிபாராமல் நான் எழுதியது ஒரே ஒரு சொல். அச்சொல்லை நம்பி இன்று இருபத்துமூன்று பேர் அதே தீவுக்கு யாத்திரை போகப் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.

முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்கிறேன். நாங்கள் யாத்திரை போகவில்லை; விடுமுறைக்குப் போனோம். லண்டனின் இல்ஃபோர்டில் எங்கள் சமையலறைச் சுவரில் ஈரம் ஏறியிருந்தது. அதைத் திருத்துவதா, கடலைப் பார்ப்பதா என்று நானும் என் மனைவி றோசலினும் ஒரு குளிர்காலம் முழுவதும் வாதாடினோம். கடல் வென்றது. ஆனால் சிக்கனத்தோடுதான் வென்றது. மலிவான இருக்கை, அதனினும் மலிவான அறை, இருக்கைக்கு அடியில் அடங்கும் ஆளுக்கொரு பை. ஐம்பதைத் தாண்டிய இருவர் மால்டாத் தீவின் வெயிலில் ஐந்து நாள் சும்மா இருப்பது என்பதே எங்கள் முழுத் திட்டம்.

இதைப் பங்கில் சொல்ல முடியாது. ஞாயிறு பூசைக்குப் பின் தேநீர் மண்டபத்தில் "விடுமுறை" என்று சொன்னவர்மீது மூன்று வாரம் பார்வை நிற்கும். "யாத்திரை" என்று சொன்னவரை ஒருவரும் கேள்வி கேட்பதில்லை. தேநீர் ஊற்றுபவர் பிலோமினா அக்கா. பங்கில் நடப்பதும் நடவாததும் முதலில் அவருக்கே தெரியும்.

"எங்கை றோசி, ஓகஸ்டிலை கோயிலுக்குப் பூச் சோடிக்க வரமாட்டனெண்டு சொன்னியாம்?"

என் மனைவி கணமும் தயங்கவில்லை; சின்னப்பரை, அதாவது புனித பவுலை, துணைக்கு அழைத்தாள். "மால்டாவுக்குப் போறம் அக்கா. சின்னப்பர் கப்பல் உடைஞ்சு கரையேறின இடமல்லோ. கும்பிட்டுப்போட்டு வருவமெண்டு."

"சின்னப்பரைக் கும்பிட ஐஞ்சு நாள் வேணுமோ?"

"மாதா கோயிலுகளும் கனக்க இருக்காம்."

கேள்வி அத்துடன் நின்றது. ஆனால் நம்மவர் வழக்கம் ஒன்றை நாங்கள் மறந்துவிட்டோம். ஒருவர் யாத்திரை போனால், போகாதவர்கள் அவர் கையில் ஆளுக்கொரு மெழுகுதிரி கொடுத்தனுப்புவார்கள். அடுத்த ஞாயிறு பதினொரு மெழுகுதிரிகள் வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றிலும் மன்றாட்டு எழுதிய துண்டுத்தாள் நூலால் கட்டப்பட்டிருந்தது. முழங்கால் வலி நீங்க வேண்டும். மகன் கணிதத்தில் தேற வேண்டும். பக்கத்து வீட்டு நாய் இரவில் குரைக்காமல் இருக்க வேண்டும். பிலோமினா அக்காவின் தாளில், மாதாவைக் குறித்து, "அவவுக்குத் தெரியும்" என்று மட்டும் இருந்தது.

பதினோராவது மரியதாசுடையது. மரியதாஸ் மன்னாரைச் சேர்ந்தவர். பாண் என்னும் ரொட்டி சுடும் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை செய்பவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஊர்போய் மெரில்டா என்ற பெண்ணை மணந்து, மூன்று வாரம் அவளோடு வாழ்ந்துவிட்டுத் திரும்பியவர். மெரில்டாவுக்கான முதல் விசா விண்ணப்பம் ஒரு தாள் குறைந்ததால் மறுக்கப்பட்டது. அத்தாளை இணைக்க மறந்தவர் மரியதாசே. இரண்டாவது விண்ணப்பம் போய்ப் பல மாதமாகியும் பதில் இல்லை. இதுவும் மறுக்கப்பட்டால் பிள்ளையை இனிக் காத்திருக்க விடமாட்டோம் என்று பெண்வீட்டார் சொல்லிவிட்டார்கள். இதை மரியதாஸ் சொன்னபோது மெழுகுதிரியை என் கையில் தந்திருந்தார், ஆனால் விட்டிருக்கவில்லை.

"அண்ணை, சனிக்கிழமை நாலு மணிக்குக் கொளுத்துவியளோ? லண்டன் ரைம் நாலு. கொளுத்தின உடனை ஒரு மெசேஜ் போடுங்கோ. அதே நேரம் நானும் இஞ்சை முட்டுக்கால்லை நிப்பன். ரெண்டு இடத்திலையும் ஒண்டா நடக்கோணும்."

"ஏன் ஒண்டா?"

"தனியாக் கேட்டுப் பாத்திட்டன் அண்ணை."

நான் வாக்குக் கொடுத்தேன்.

விமான நிலையச் சோதனையில் எங்கள் பையை ஓரமாக எடுத்து வைத்தார்கள். நூலால் இறுகக் கட்டிய பதினொரு மெழுகுக் கோல்கள் ஊடுகதிர்த் திரையில் எவ்வாறு தெரிந்தன என்பதை நான் காணவில்லை. திரையைப் பார்த்த பெண்மணி தம் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளியதை மட்டும் கண்டேன். றோசலினின் கைப்பையையும் தட்டில் கொட்டினார்கள். ஒரு செபமாலை, ஒரு டப்பா மிளகாய்த்தூள், மூக்குக்கண்ணாடி, மாசிக் கருவாட்டுச் சம்பல்.

"இந்தக் கோல்கள் எதற்கு?" என்று அலுவலர் ஆங்கிலத்தில் கேட்டார்.

"மற்ற ஆட்களுக்கு" என்றாள் என் மனைவி.

அவ்விடை அவருக்கு நிம்மதி தந்ததாகத் தெரியவில்லை. இன்னொருவர் வந்து முகர்ந்து பார்த்தபின் விட்டார்கள்.

விமானத்தின் வாசலில் வேறொரு சோதனை இருந்தது. இரும்புச் சட்டம் ஒன்றுக்குள் பை இறங்க வேண்டும். மெழுகுதிரியோடு அது இறங்கவில்லை. உடுத்திருப்பது சுமையாகாது என்ற விதியை நம்பி நான் வெயில் காலத்தில் கம்பளி மேலங்கியோடு வந்திருந்தேன். அதன் ஆழமான உட்பைக்குள் பதினொன்றும் நின்றன. மூன்றரை மணி நேரம் நான் விமானத்தில் அமர்ந்திருந்தேன் என்று சொல்வதைவிட நடப்பட்டிருந்தேன் என்று சொல்வதே பொருந்தும். சின்னப்பரும் பெட்டியில்லாமல்தான் அத்தீவில் கரையேறினார். அவரிடம் மேலங்கி இருந்ததா என்பது குறித்துச் சான்றில்லை.

எங்கள் அறை மூன்றாம் மாடியில் இருந்தது. வீட்டுக்காரி கார்மன், எழுபது வயதளவிலான கைம்பெண். குளிரூட்டி சுவரில் இருந்தது. அதை இயக்கும் கருவி கார்மனின் சட்டைப்பையில் இருந்தது. அதற்குத் தனிக்கட்டணம். நாங்கள் இயற்கைக் காற்றை விரும்புகிறவர்கள் என்று நான் சொன்னேன். கார்மன் என் மேலங்கியை மேலும் கீழுமாகப் பார்த்துவிட்டு, "தெரிகிறது" என்றார்.

இரண்டாம் நாள் நாங்கள் உண்மையிலேயே மகிழ்ந்தோம். அத்தீவில் பஸ்டிஸி என்றொரு தின்பண்டம் உண்டு. மடிமடியாகப் பிரியும் மாவுக்குள் பட்டாணியையோ பாற்கட்டியையோ வைத்துச் சுட்டு, எண்ணெய் ஊறிய தாளில் சூடாகத் தருவார்கள். லண்டனில் ஒரு கோப்பிக்குக் கொடுப்பதில் இங்கே இருவர் வயிறு நிறையலாம். பட்டாணி வைத்ததைக் கடித்த றோசலின், "உறைப்பில்லாத பற்றிஸ்" என்று எங்கள் ஊர்ப் பலகாரத்தின் பெயரால் தீர்ப்பளித்து, கைப்பையைத் திறந்து மிளகாய்த்தூளைத் தூவினாள். கடைக்காரர் தமக்கும் கொஞ்சம் கேட்டு வாங்கித் தின்றார். பிறகு உள்ளே போனார். நாங்கள் நின்றவரை அவர் வெளியே வரவில்லை. அன்று காலையும் பகலும் அதுவே எங்கள் உணவு.

கடலுக்கு நுழைவுச்சீட்டு இல்லை. மணற்பாங்கான இடம் முழுவதும் வாடகைக் குடைகள் நின்றன. நாங்கள் பாறையில் இருந்தோம். குடையின் கீழ் என் நாட்டவர் இருவர், அதாவது ஆங்கிலேயக் கணவனும் மனைவியும், பேசிக்கொண்டது காதில் விழுந்தது. "ஓய்வெடுக்கத்தானே வந்தோம்? நீ வேலை செய்வதுபோல் படுத்துக் கிடக்கிறாய்" என்றார் மனைவி. "வாடகை ஆறு மணிக்கு முடிகிறது. அதுவரை படுத்தாக வேண்டும்" என்றார் கணவர். பாறைக்கு அத்தகைய நெருக்கடி இல்லை.

கோடையில் நாங்கள் சவுத்எண்டுக் கடற்கரைக்குப் போவதுண்டு. அங்கே றோசலின் கால்விரலை நனைத்துவிட்டு, "போதும், ஐஸ்" என்று காருக்குள் ஏறிவிடுவாள். இங்கே சுடிதாரோடு இடுப்பளவு நீரில் இறங்கி நின்று திரும்பிக் கத்தினாள்: "என்னப்பா, வந்து பாருங்கோ! ஆரோ அடுப்பிலை வைச்ச மாதிரி!" இருபத்தாறு ஆண்டு மணவாழ்வில் அவள் அவ்வளவு உரக்கச் சிரித்து நான் கேட்டதில்லை. ஈரச் சுவரைப் பற்றிய விவாதத்தில் நான் எந்தப் பக்கம் இருந்தேன் என்பதை இங்கே சொல்லாமல் விடுகிறேன்.

மாலையில் அறைக்குத் திரும்பியபோது, மேற்கு யன்னலோரம் கொளுவியிருந்த மேலங்கியில் அந்த யன்னலின் வெயில் முழுவதும் இறங்கியிருந்தது. உட்பைக்குள் கை விட்டேன். பதினொன்று வரவில்லை, ஒன்று வந்தது. மெழுகு உருகி, ஒட்டி, மறுபடி இறுகி, பெரிய மரவள்ளிக் கிழங்கைப்போல் ஒரு கட்டியாகியிருந்தது. அதில் திரிகள் அங்கங்கே தலைநீட்டின. துண்டுத்தாள்கள் உள்ளே புதைந்துவிட்டன. முழங்கால் எது, கணிதம் எது, நாய் எது, மெரில்டா எது என்று பிரித்தறிய வழியில்லை.

"இனி என்ன செய்யிறது?" என்றேன்.

"மாதாவுக்கு வாசிக்கத் தெரியும்" என்றாள் றோசலின், தகர ரின்னில் அடைத்த மீனைக் குழம்பு வைத்தபடியே.

குழம்பின் வாசனைக்குக் கார்மன் மாடியேறி வந்தார். முறைப்பாடு சொல்ல வந்தவர், கரண்டியில் எடுத்து நக்கிப் பார்த்தார், நாற்காலியை இழுத்துப்போட்டு அமர்ந்தார். மெழுகுக் கட்டியைக் கண்டதும் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். நாங்கள் விவரம் சொன்னோம். தீவின் மறுகரையில் ஓர் ஊர் உண்டென்றும், அங்குள்ள மாதாவிடமே போக வேண்டுமென்றும் சொன்னார். "பெண்கள் கேட்டால் முதல்முறையே கொடுப்பாள். ஆண்கள் இரண்டாவது முறை கேட்க வேண்டும். என் கணவர் மூன்றுமுறை கேட்டார், கார் கிடைத்தது."

மூன்றாம் நாள் பெரும்பாலும் பசியில் கழிந்தது. வாக்குத் தவறக்கூடாதென்று நான் கைக்கடிகாரத்தை லண்டன் நேரத்திலேயே வைத்திருந்தேன். தீவோ ஒரு மணி நேரம் முன்னால் ஓடியது. அதனால் உச்சிப்பொழுது மூடும் கடைகளுக்கெல்லாம் மூடிய பின்னரே போய்ச் சேர்ந்தோம். வெறும் பாணும் மாசிச் சம்பலும் தின்றோம். மரியதாசின் நாலு மணிக்கு மட்டும் தவறமாட்டோம் என்று றோசலினுக்கு உறுதி கூறினேன்.

சனிக்கிழமை என் கடிகாரத்தில் இரண்டு மணிக்கே பேருந்துத் தரிப்பில் நின்றோம். முதற் பேருந்து நிரம்பியிருந்தது. ஓட்டுநர் வாழ்த்துவதுபோல் கையசைத்துவிட்டுப் போனார். இரண்டாவதும் அவ்வாறே. மூன்றாவது நின்றது. நாங்கள் பேசியதைக் கேட்டு அதன் ஓட்டுநர் திரும்பினார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், நடுவயதினர்.

"தமிழா சார்? சிலோனா? உக்காருங்க, உக்காருங்க. உங்க லண்டன் நாலு மணிக்குள்ள கொண்டுபோய் இறக்கிடுறேன்."

அவர் சொன்னதைச் செய்திருப்பார். வழியில் ஓர் ஊரில் திருவிழா. வீதியை அடைத்து வாத்தியக்குழு ஒன்று வந்தது; பின்னால் எட்டுப் பேர் தோளில் ஒரு புனிதரின் சுரூபம் அசைந்து அசைந்து வந்தது. மேல்மாடங்களிலிருந்து வண்ணத்தாள் துண்டுகளைக் கொட்டினார்கள். பத்தடி நடந்தார்கள், நின்றார்கள், இன்னொரு பாட்டு வாசித்தார்கள். ஓட்டுநர் இயந்திரத்தை நிறுத்தினார்.

"சாமி போனாத்தான் சார் வண்டி போகும். எங்க ஊர்லயும் இதே கதைதான். அங்கயாச்சும் ஹாரன் அடிக்கலாம்."

"எவ்வளவு நேரமாகும்?"

"அது அவங்க வாயில காத்து இருக்கிறதப் பொறுத்தது."

கடிகாரம் நாலைத் தொட்டது. பேருந்துக்குள் அனல். என் மடியில், ஈரத்துணியில் சுற்றிய மெழுகுக் கட்டி. பக்கத்தில் றோசலின் கண்ணை மூடியிருந்தாள். வலக்கை கைப்பைக்குள் இருந்தது. உதடுகள் மெல்ல அசைந்தன. நித்திரையில் உதடசைப்பது அவள் வழக்கம். என் தொலைபேசி அதிர்ந்தது. மரியதாஸ். ஒரே சொல்: "அண்ணை?"

உண்மையைத்தான் எழுதத் தொடங்கினேன். "வழியில் ஊர்வலம், சற்றுப் பொறுக்கவும்" என்று. பிறகு, இல்ஃபோர்டில் எங்கோ ஓர் அறையில் கட்டிலோரம் முழங்காலில் நின்றபடி திரையைப் பார்த்திருக்கும் அவரை எண்ணினேன். தனியாகக் கேட்டுப் பார்த்துவிட்ட மனிதர். எழுதியதை அழித்தேன். "கொளுத்தியாச்சு" என்று எழுதி அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது: "நானும் முட்டுக்கால்லைதான் அண்ணை. நன்றி."

ஊர்வலம் விலகிப் பேருந்து உறுமியதும் றோசலின் கண் திறந்தாள். என் கையிலிருந்த தொலைபேசியை வாங்கிப் பார்த்தாள்.

"ஆர் கொளுத்தினது?"

நான் மெழுகுக் கட்டியின் ஈரத்துணியைச் சரிசெய்தேன்.

"மடலிலை ஒரு கமா பிழைச்சாச் சாப்பிடமாட்டியள். இதுக்கு மெய்ப்புப் பாக்கேல்லையோ?"

கோயிலை அடைந்தபோது என் கடிகாரத்தில் ஐந்து இருபத்தைந்து. பணியாளர் ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். மெழுகுக் கட்டியைக் கண்டு தலையசைத்தார். உள்ளே நெருப்பு அனுமதியில்லை. கூரை ஓவியங்களைச் சென்ற ஆண்டுதான் துப்புரவாக்கினார்களாம். மாதாவின் முன் ஒரு பித்தளை மேடையைக் காட்டினார். அதில் மெழுகுதிரி வடிவில் வரிசை வரிசையாக மின்குமிழ்கள். துளையில் நாணயத்தை இட்டால் ஒரு குமிழ் எரியும். சிறிது நேரத்தில் தானாக அணையும்.

இரண்டாயிரம் கிலோமீற்றர் சுமந்துவந்த மெழுகு அங்கே பயனற்றது. இருவர் பையிலும் தேடி நாணயங்களைச் சேர்த்தோம். றோசலின் ஒவ்வொன்றாக இட்டாள். பெயரைச் சொல்லிச் சொல்லி இட்டாள். முழங்கால் எரிந்தது. கணிதம் எரிந்தது. நாய் எரிந்தது. பிலோமினா அக்கா உடனே எரிந்தார். பதினோராவது நாணயத்துக்கு, "மரியதாசும் மெரில்டாவும்" என்றாள். நாணயம் உள்ளே விழுந்த ஓசை கேட்டது. புதிதாக ஒரு குமிழும் எரியவில்லை.

வேறு நாணயம் இல்லை. றோசலின் மேடையைப் பிடித்தபடி நின்றாள். நான் பணியாளரைப் பார்த்தேன். அவர் பெருமூச்சோடு வந்து, பித்தளையின் பக்கவாட்டில் உள்ளங்கையால் ஓங்கி ஓர் அறை அறைந்தார். மேடை முழுவதும் ஒரே கணத்தில் எரிந்தது; நாற்பதுக்குக் குறையாத குமிழ்கள்.

"இப்போது எல்லாருக்கும் எரிகிறது" என்றார் அவர். "கட்டியை என்னிடம் விட்டுவிட்டுப் போங்கள். வீடு பூட்ட வேண்டும்."

கோயிலை அவர் வீடு என்றுதான் சொன்னார். நான் கேட்டேன்.

ஐந்தாம் நாள் மேலங்கியை மறுபடி உடுத்திக்கொண்டு லண்டன் திரும்பினோம். ஒன்பது நாள் கழித்து மெரில்டாவுக்கு விசா கிடைத்தது.

அடுத்த ஞாயிறு தேநீர் மண்டபத்தில் நான் நான்கு கதைகள் கேட்டேன். மெழுகுதிரி நீல நிறத்தில் எரிந்ததாம். காற்றடித்தும் அணையவில்லையாம். மாதாவின் கண் கலங்கியதாம். கண் கலங்கியது மாதாவுக்கன்று, எனக்கு என்றது நான்காவது கதை. பிலோமினா அக்கா ஒரு கொப்பியில் பெயர் பதிந்துகொண்டிருந்தார்.

"தம்பி, கோயில் அட்ரஸை எழுதித் தாரும். பள்ளிக்கூட ரேர்ம் லீவிலை போறம். எல்லாரும் சரியா நாலு மணிக்குக் கொளுத்துறது."

அன்று மாலை, மெரில்டா வந்திறங்க நான்கு நாள் இருக்கையில், மரியதாசைக் கோயிலின் கார்த் தரிப்பிடத்தில் பிடித்தேன். உருகிய மெழுகு, ஊர்வலம், எரியாத குமிழ், நான் அனுப்பிய சொல், எல்லாம் சொன்னேன். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. அவர் காலிலிருந்த சப்பாத்தைப் பார்த்துச் சொன்னேன். அதில் மா ஒட்டியிருந்தது.

குனிந்து அந்த மாவைத் தட்டிவிட்டார். பிறகு, "அண்ணை, நானும் ஒண்டு சொல்லோணும்" என்றார்.

அந்தச் சனிக்கிழமை பாண் தொழிற்சாலைக்கு ஓர் ஆள் வரவில்லை. விடுப்பில் இருந்த மரியதாசைக் கூப்பிட்டுப் பாண் நகரும் பட்டையோரம் நிறுத்திவிட்டார்கள். நாலு மணிக்குப் பத்து நிமிடம் கேட்டாராம், ஏலாது என்றார்களாம்.

"முட்டுக்கால்லை நிண்டா பெல்ட் நிக்குமே அண்ணை? ஒரு கையாலை பாண் எடுத்துக்கொண்டு மற்றக் கையாலைதான் உங்களுக்கு அடிச்சனான். நீங்கள் அங்கை மெழுகுதிரியோடை நிக்கிறியள், நான் இஞ்சை பாணோடை நிக்கிறனெண்டு எப்பிடிச் சொல்லுறது?"

இருவரும் சிரிக்கத் தொடங்கினோம். அவர்தான் முதலில் நிறுத்தினார்.

"அப்ப, நாலு மணிக்கு ஆரண்ணை கேட்டது?"

இதையெல்லாம் உள்ளபடி எழுதப்போகிறேன் என்றேன். எழுதுங்கோ என்றார், காரின் கதவைத் திறந்துவிட்டு மறுபடி மூடினார். "ஆனா அவ வந்து இறங்கின பிறகு போடுங்கோ அண்ணை. முதலே சொன்னாத் திருப்பி எடுத்துப்போடுவினமோ எண்டு பயமாக் கிடக்கு."

மெரில்டா வியாழக்கிழமை வந்திறங்கினார். இதை நான் விமான நிலையத்தில் நேரில் கண்டேன். கம்பளி மேலங்கியை அவர் தோளில் போட்டது நான்தான். அதன் உட்பையில் இன்னும் மெழுகு ஒட்டியிருக்கிறது.

இனித் தெரியாதவை. அந்த மெழுகுக் கட்டி என்னவாயிற்று என்பது தெரியாது. பிலோமினா அக்கா கேட்டது என்ன, அது கிடைத்ததா என்பதும் தெரியாது. நாய் இன்னும் குரைக்கிறது, இது தெரியும். அந்தச் சனிக்கிழமை நாலு மணிக்குத் தீவில் எங்கள் மெழுகுதிரி எரியவில்லை, லண்டனில் மரியதாஸ் முழங்காலில் நிற்கவில்லை, இவ்விரண்டும் சரிபார்க்கப்பட்டவை. அந்நேரம் பேருந்தில் றோசலின் கண்ணை மூடியிருந்தது நித்திரையா, செபமா என்று அவளிடமே கேட்டேன். "ஏன், மடலிலை போடவோ?" என்று சொல்லிவிட்டு, ஈரச் சுவரைத் துடைக்கப் போய்விட்டாள். அவள் வலக்கை கைப்பைக்குள் இருந்ததை நான் கண்டேன். அப்பைக்குள் மிளகாய்த்தூள் டப்பாவும் இருந்தது, செபமாலையும் இருந்தது. அவள் எதைப் பிடித்திருந்தாள் என்பது எனக்குத் தெரியாது.